டாக்டரிடம் முதலில் எதைக் கேட்பது?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து 31 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு வயது 56. பல வருடங்களாகச் சர்க்கரை நோய் உண்டு. இடது மார்பில் கட்டி தென்பட்டு, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பயாப்ஸி என்ற திசுப் பரிசோதனை செய்ததில் புற்றுநோய் என்று உறுதியாகியிருக்கிறது. கட்டி 3.2 சென்டிமீட்டர். அக்குளில் ஒரு நெறிக்கட்டியிலும் பரவியிருக்கிறது. உடல் முழுதும் பார்க்கும் பெட் ஸ்கேனில் வேறெங்கும் இல்லை. “முதல்ல கீமோ, அப்புறம் ஆபரேஷன். அடுத்த வியாழக்கிழமை வாங்க, ஆரம்பிச்சிடலாம்” என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். இணையத்தில் தேடி ஒரு நோட்டு நிறைய 43 கேள்விகள் எழுதிப் போன மகளுக்கு, அந்த நோட்டைத் திறக்கவே வாய்ப்பு கிடைக்கவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. “நிறைய கேட்டா டாக்டர் கோவிச்சுக்குவார், அப்புறம் அம்மாவைச் சரியா பார்க்க மாட்டார்” என்கிறார் அண்ணன். “ஊசி குத்தினதாலதான் அக்குளுக்குப் போயிடுச்சு, கத்தி பட்டா இன்னும் பரவும்” என்கிறார் தாய்மாமா. பக்கத்துத் தெரு அக்கா ஒருவருக்கும் மார்பகப் புற்றுநோய்தான். அவருக்கு ஆபரேஷன், அதன்பின் தினம் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். அம்மாவுக்கு மட்டும் ஏன் கீமோ, அதுவும் முதலிலேயே? முற்றிவிட்டதா? அம்மாவிடமோ ‘சாதாரணக் கட்டி, மருந்து ஏத்தினா கரைஞ்சிடும்’ என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்கலாமா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்ற கவலைகளும் உண்டு. “இந்த 43-ல் எதைக் கேட்கணும், எதை விடணும்னு மட்டும் சொல்லுங்க டாக்டர்” என்று முடித்து, நோட்டுப் பக்கங்களையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நோட்டை முழுவதும் படித்தேன். ஒன்றுகூட வீண் கேள்வி இல்லை. ஆனால் மூன்று வகைக் கேள்விகள் அதில் கலந்து கிடக்கின்றன. சில, வியாழக்கிழமையே டாக்டரிடம் கேட்டாக வேண்டியவை. சில, சில மாதங்கள் கழித்து ஆபரேஷன் நெருங்கும்போது கேட்டால் போதும். மீதியைக் கீமோ வார்டு நர்ஸிடமும் காப்பீட்டு மேஜையிலும் கேட்டால் டாக்டரைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். அன்று எடுக்கப்போகும் முடிவை மாற்றக்கூடிய கேள்வி எதுவோ, அதுதான் முதல் கேள்வி. அப்படிப் பிரித்தால் வியாழனுக்கு நான்குதான் மிஞ்சும்.

ஆனால் மிக அவசரமான கேள்வி ஒன்று உங்கள் பட்டியலில் இல்லை; அதையும் சேர்த்தால் ஐந்து. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ரிப்போர்ட்டில் முடியாமல் நிற்கும் ஒரு வரி

பயாப்ஸி ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். ஈ.ஆர். நெகட்டிவ், பி.ஆர். நெகட்டிவ் என்று இரண்டு வரிகள். அதற்குக் கீழே ‘ஹெர்-2: 2+’ என்று போட்டு, ஃபிஷ் சோதனை செய்யவும் என்று எழுதியிருக்கிறார்கள். இந்த மூன்று வரிகளும்தான் அம்மாவின் மருந்தைத் தீர்மானிக்கப் போகின்றன.

முதல் இரண்டும், கட்டி ஹார்மோனை நம்பி வளர்கிறதா என்று சொல்பவை. அம்மாவுக்கு இரண்டுமே இல்லை என்பதால் ஹார்மோன் மாத்திரையால் பலன் இல்லை. பக்கத்துத் தெரு அக்காவுக்கு மாத்திரை போதுமாக இருந்ததென்றால், அவருடைய கட்டி ஹார்மோனை நம்பி வளர்ந்த வகையாக இருந்திருக்கும். மார்பகப் புற்றுநோய் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் உள்ளே பல வகைகள் உண்டு. ஒருவரின் சிகிச்சையை இன்னொருவரோடு ஒப்பிட்டால் தேவையில்லாத பயம்தான் மிஞ்சும்.

மூன்றாவது வரி, ஹெர்-2 என்ற புரதத்தைப் பற்றியது. 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் இரண்டில் எது என்று அந்தச் சோதனையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதைத் தீர்ப்பதற்குத்தான் ஃபிஷ். ஏற்கெனவே எடுத்த திசுவிலேயே செய்துவிடலாம், மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. அதில் பாசிட்டிவ் என்று வந்தால், கீமோவோடு ட்ரஸ்டுஸுமாப் என்ற மருந்து சேர வேண்டும்; அது ஏறத்தாழ ஒரு வருடம் தொடரும். இந்த வகை நோயின் போக்கையே மாற்றிய மருந்து அது. இந்தியாவிலேயே தயாராகும் பயோசிமிலர்கள், அதாவது மூல மருந்தை ஒத்த மருந்துகள், வந்தபின் விலையும் முன்பைவிட இறங்கியிருக்கிறது. நெகட்டிவ் என்று வந்தால், மூன்றுமே இல்லாத ‘ட்ரிப்பிள் நெகட்டிவ்’ வகை. அதற்கு மருந்துத் திட்டம் வேறு.

ஆகவே வியாழக்கிழமை உட்கார்ந்ததும் கேளுங்கள்: “சார், ஹெர்-2 ரெண்டு பிளஸ்னு இருக்கு. ஃபிஷ் அனுப்பியாச்சா? முடிவு வர்றதுக்கு முன்னாடி கீமோ ஆரம்பிக்கலாமா?” டாக்டர் ஏற்கெனவே அனுப்பியிருக்கலாம். முதல் சில சைக்கிள்களில், அதாவது கீமோ சுற்றுகளில், இரண்டு வகைக்கும் ஒரே மருந்தைக் கொடுத்து, முடிவு வந்தபின் பாதையைப் பிரிக்கிற திட்டமும் உண்டு. அப்படியானால் அதையே சொல்வார், நீங்களும் நிம்மதியாகத் தொடரலாம். ஒருவேளை அந்த வரி யார் கண்ணிலும் படாமல் போயிருந்தால், உங்கள் கேள்வி அம்மாவுக்குப் பெரிய உதவி.

கீமோ முதலில் என்றால் முற்றிவிட்டது என்றில்லை

இதில்தான் நீங்கள் அதிகம் கலங்கியிருக்கிறீர்கள். ஹெர்-2 பாசிட்டிவ், ட்ரிப்பிள் நெகட்டிவ் ஆகிய இரண்டு வகைகளிலும், கட்டி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ அக்குளில் நெறி இருந்தாலோ, ஆபரேஷன் செய்யக்கூடிய நிலையிலேயே கீமோவை முதலில் கொடுப்பது இன்று வழக்கமான முறை. கட்டி சுருங்கினால் மார்பை முழுதும் எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்ற வாய்ப்பு கூடும். மருந்து வேலை செய்கிறதா என்பதும் நேராகத் தெரியும். ஆபரேஷனில் எடுத்த திசுவில் நோய் மிச்சம் இருந்தால் பிறகு எந்த மருந்தைச் சேர்ப்பது என்று முடிவு செய்யலாம். ஆபரேஷனை முதலில் செய்துவிட்டால் இந்தத் தகவல் கிடைக்காது.

நீங்கள் எழுதிய அளவையும் பெட் ஸ்கேன் முடிவையும் வைத்துப் பார்த்தால், இது பொதுவாக முழுமையாகக் குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை தரப்படும் நிலை. நான் அம்மாவை நேரில் பார்க்கவில்லை. அதனால் அதை உங்கள் டாக்டரின் வாயாலேயே கேட்டுவிடுங்கள். “குணமாகுமா?” என்று கேட்டால் எந்த டாக்டரும் தயங்குவார், உத்தரவாதம் தர முடியாதே. “இந்தச் சிகிச்சையோட நோக்கம் முழுசா குணமாக்குறதா, கட்டுப்படுத்தி வைக்கிறதா?” என்று கேட்டால் நேரான பதில் வரும்.

தாய்மாமா சொல்வதற்கும் பதில் தேவை. பயாப்ஸி ஊசியால் நெறிக்கு நோய் போகாது. கட்டியிலிருந்து நிணநீர் வழியாக அக்குளுக்குப் போவது இந்த நோயின் இயல்பு. ஊசி போடுவதற்கு முன்பே அது அங்கே இருந்திருக்கும். ‘கத்தி பட்டால் பரவும்’ என்ற பேச்சு நம் ஊர்களில் வேர் விட்டதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் புண்ணாகி வெடித்த பிறகே பலர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஆபரேஷன் நடந்த சில மாதத்தில் இறந்தார்கள். பழி கத்தி மேல் விழுந்தது. மாமாவோடு சண்டை போடாமல், வியாழக்கிழமை அவரையும் கூட்டிப் போங்கள். டாக்டரிடமே கேட்கட்டும். அவர் மனம் மாறினால் வீட்டில் பாதிப் பாரம் குறையும்.

வியாழனுக்கு மீதி நான்கு

ஃபிஷ் கேள்வி ஒன்று. நோக்கம் என்ன என்பது இரண்டு.

மூன்றாவது, கிளிப். கீமோ நன்றாக வேலை செய்தால் சில பெண்களுக்குக் கட்டி இருந்த இடமே தெரியாமல் போய்விடும். கட்டியை மட்டும் எடுப்பதாக இருந்தால் சர்ஜனுக்கு இடம் தெரிய வேண்டுமே. அதற்காக, கீமோ தொடங்குமுன் அரிசிமணிக்கும் சிறிய ஓர் உலோகக் கிளிப்பைக் கட்டிக்குள் வைப்பார்கள். “கிளிப் வைக்கணுமா? சர்ஜன் இப்பவே ஒரு தடவை பார்க்கணுமா?” என்று கேளுங்கள். தாமதமாகக் கேட்டால் பயன் போய்விடும்.

நான்காவது, சர்க்கரையும் இதயமும். கீமோ நாளில் வாந்தியும் ஒவ்வாமையும் வராமல் இருக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். அதனால் அம்மாவின் சர்க்கரை இரண்டு மூன்று நாளுக்கு ஏறும். மாத்திரையைக் கூட்டுவதா, இன்சுலின் வேண்டுமா, வீட்டில் எத்தனை முறை பார்ப்பது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் டாக்ஸோரூபிசினும் ட்ரஸ்டுஸுமாப்பும் இதயத்தைப் பாதிக்கக்கூடியவை. அவற்றுக்கு முன் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பார்கள். எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சித்த மருந்து, கஷாயம், யாரோ கொடுத்த பொடி எதுவாக இருந்தாலும் மறைக்காதீர்கள். சில மருந்துகள் கல்லீரலில் கீமோவோடு மோதும்.

ஐந்தாவது கேள்வியை நான் எந்த நோயாளியையும் கேட்காமல் எழுந்து போக விடுவதில்லை: “ராத்திரி காய்ச்சல் வந்தா யாருக்குப் போன் பண்ணணும், எங்கே போகணும்?” கீமோ கொடுத்தபின், பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில், வெள்ளை அணுக்கள் இறங்கும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே அவசர நிலை. பாராசிட்டமால் போட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. சில மணி நேரத்துக்குள் ரத்தப் பரிசோதனையும் ஆன்டிபயாடிக்கும் வேண்டும். உங்கள் ஊரிலிருந்து மதுரைக்கு இரவில் வண்டி கிடைப்பது எப்படி என்பதையும் சேர்த்தே யோசியுங்கள். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் முதல் ஆன்டிபயாடிக் ஊசி போடலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். இன்றே ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, பார்க்கப் பழகுங்கள்.

முடி கொட்டுமா, எப்போது வளரும், வாய்ப்புண்ணுக்கு என்ன செய்வது, என்ன சாப்பாடு கொடுப்பது போன்ற கேள்விகளுக்கு நர்ஸ் போதும். மார்பை முழுதும் எடுக்க வேண்டுமா என்பதை ஆபரேஷன் சமயத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இப்போதைக்கு இதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும், மார்பை முழுதும் எடுத்தவர்களும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்பதை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2002-ல் வெளியிட்டார்கள். முழுதாக எடுத்தால்தான் பாதுகாப்பு என்று யாரும் அம்மாவை அவசரப்படுத்த வேண்டாம்.

ஃபிஷ் நெகட்டிவ் என்று வந்தால், மரபணுப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். ட்ரிப்பிள் நெகட்டிவ் வகையில், குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடிய குறை இருக்கிறதா என்று பி.ஆர்.சி.ஏ. மரபணுவைப் பார்ப்பது அம்மாவின் சிகிச்சைக்கும் உதவும், உங்களுக்கும் உதவும். இது இந்த வாரக் கவலை இல்லை.

கேட்கிற விதம்

அண்ணனின் பயம் எனக்குப் புரிகிறது. கூட்டமான ஓ.பி.யில் டாக்டர் சுருக்கமாகப் பேசுவது உண்மை. ஆனால் கேள்வி கேட்டதற்காகச் சிகிச்சையைக் குறைக்கிற டாக்டரை நான் பார்த்ததில்லை. ஃபைலைத் தேடித் தேடிக் காகிதம் எடுக்கும்போதுதான் நேரம் போகிறது. அதனால் ஒரே தாளில் மேலே அம்மாவின் வயது, நோய்கள், மாத்திரைகள், ஒவ்வாமை. கீழே ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுத இடம். உட்கார்ந்ததும், “சார், அஞ்சே கேள்வி இருக்கு, எழுதிட்டு வந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டுத் தாளை மேஜை மேல் வையுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் தாங்களே வாங்கிப் படித்து வரிசையாகச் சொல்வார்கள். ஒருவர் கேட்க, ஒருவர் எழுதட்டும். போனில் பதிவு செய்வதானால் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். எழுதி முடித்ததும், “நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்க” என்று இரண்டு வரியில் திருப்பிச் சொல்லுங்கள். தவறான புரிதல் அங்கேயே திருத்தப்படும்.

அம்மாவின் கேள்வி எங்கே?

43 கேள்விகளில் அம்மா கேட்டது ஒன்றுகூட இல்லை. அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள். கீமோ வார்டில் முதல் நாள் உட்கார்ந்ததுமே பக்கத்து நாற்காலியில் இருப்பவர் “உங்களுக்கு எங்கேம்மா கேன்சர்?” என்று கேட்டுவிடுவார். அன்னியர் வாயால் தெரிவதைவிட உங்கள் வாயால் தெரிவது நல்லது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். “ரிப்போர்ட் பத்தி நீ எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறேம்மா?” என்று முதலில் கேளுங்கள். அவர் “நீங்களே பார்த்துக்கோங்க” என்றால் அது அவர் எடுத்த முடிவு, மதிக்கலாம். கேட்காமலே நீங்கள் எடுத்தால் அது வேறு. சொல்லத் திணறினால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த நோயாளிக்காக உறவினர் தரும் சம்மதம் போதாது. 2008-ல் சமீரா கோலி வழக்கில், மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாயிடம் வாங்கிய சம்மதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அம்மா கையெழுத்துப் போடப்போகும் தாளில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

என்னிடம் வந்த ஓர் அம்மா, நோய் இன்னதென்று கேட்டுத் தலையாட்டிவிட்டு, “தை மாசம் பேத்திக்குக் காதுகுத்து, மடியில வெச்சுக்க முடியுமா டாக்டர்?” என்று மட்டும் கேட்டார். கீமோ தேதியை நான்கு நாள் தள்ளி வைத்தோம். அவ்வளவு எளிது. அதை அவருடைய பிள்ளைகள் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது கருத்து, பணம்

இன்னொரு டாக்டரிடம் கேட்பது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இது இருக்கிறது. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நடத்தை விதி. மறைவாகச் செய்யாதீர்கள். “ஒரு தடவை வேற இடத்துலயும் காட்டிட்டு வந்துடுறோம் சார்” என்று சொல்லிவிட்டே போங்கள். அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை உண்டு. உங்கள் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு ரயிலில் போகிறவர்களும் நிறைய. உங்கள் நிலையில் இதற்காக ஒன்றிரண்டு வாரம் ஆவதால் பாதகம் இல்லை. இரண்டு மூன்று மாதம் இழுத்தால் பாதகம் உண்டு. கருத்துக் கேட்கப் போனவர்கள் அப்படியே நாட்டு வைத்தியத்துக்குப் போய், ஆறு மாதம் கழித்து வருவதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. லேபில் ‘ப்ளாக்’ என்று கேட்டு வாங்குங்கள். சிறிய பிளாஸ்டிக் கேசட்டில், மெழுகுக்குள் திசு பதிந்திருக்கும். ஓரத்தில் பயாப்ஸி எண் எழுதியிருக்கும். ரிப்போர்ட்டில் உள்ள எண்ணோடு அது பொருந்துகிறதா என்று அங்கேயே பாருங்கள். கண்ணாடி ஸ்லைடுகளையும் வாங்குங்கள். வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிடாதீர்கள், மெழுகு உருகிவிடும். பார்த்தபின் திருப்பி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஃபிஷ் உட்படப் பின்னால் வரும் சோதனைகளுக்கும் அதுதான் ஆதாரம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இதற்கென ஒரு மேஜை இருக்கும். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்குமுன் அங்கே மூன்று விஷயம் கேளுங்கள்: இந்த மருத்துவமனை புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் திட்டத்தில் இருக்கிறதா, எந்தெந்த மருந்தும் சோதனையும் பேக்கேஜில் வரும், எதைக் கையிலிருந்து கட்ட வேண்டும். குறிப்பாக ட்ரஸ்டுஸுமாப் தேவைப்பட்டால் வருமா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வராது என்றால் சோர்ந்துவிட வேண்டாம். அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பாதியில் பணம் தீர்ந்து சிகிச்சை நிற்பதைவிட, அரசு மருத்துவமனையில் தொடங்கி முழுதும் முடிப்பது எவ்வளவோ மேல். சிகிச்சைக்குப் போய் வர ரயிலில் நோயாளிக்கும் உடன் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் சான்றிதழ் படிவம் கேளுங்கள்.

ஃபிஷ் முடிவு வந்ததும் அதையும், டாக்டர் எழுதித் தந்த மருந்துத் திட்டத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். ஆபரேஷனுக்கு முன் சர்ஜனிடம் கேட்க வேண்டியதை அப்போது பார்க்கலாம். அதற்குள் அம்மாவிடம் பேசிவிடுங்கள். அவர் என்ன கேட்கிறார் என்று தெரிந்தால் அந்தத் தாளில் அதைத்தான் முதல் வரியாக எழுத வேண்டும்.